அருகில் அமர்ந்து பாடியவர்கள்

கண்ணோட்டம் என்னும் பண்பை நம் பெரியோர் தனியே எடுத்துப் போற்றியிருக்கிறார்கள். அதை இரக்கத்தோடு சேர்த்து எண்ணிவிடுவது எளிது. ஆயினும் கேட்டபின் வருவது இரக்கம்; கேட்குமுன் செல்வது கண்ணோட்டம். எதிரில் நிற்பவர் தம் குறையை வாய்திறந்து சொல்ல நேராதபடி, அவர் முகத்தில் ஒரு கணம் தங்கி, அங்குள்ளதைப் படித்துக்கொண்டு, படித்ததையும் காட்டிக்கொள்ளாமல் திரும்பும் கண்ணுக்கே அந்தப் பெயர் பொருந்தும். செகந்திராபாத் மெட்டுகுடாவில், ரயில்வே குடியிருப்பை ஒட்டிய சந்து ஒன்றில் வாழும் ஜம்புநாதனுக்கு அத்தகைய கண் வாய்த்திருந்தது.

அவருடைய பாட்டனார் நிஜாம் காலத்து ரயிலுக்குக் கரி அள்ளிப்போட வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர். தந்தையாரும் ரயில்வே பணிமனையிலேயே உழைத்து ஓய்ந்தார். ஜம்புநாதன் மட்டும் தடம் மாறி, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தார். தொழிலாளி ஒருவர் மாலையில் கருவியைத் திருப்பித் தர வந்து, சாளரத்தருகே வெறுங்கையோடு தயங்கி நின்றால், அவரை எதுவும் கேட்கமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவார். "வாங்க, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்பார். டீக்கடைக்குப் போகும் வழி எப்படியோ அந்தத் தொழிலாளியின் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். இருவரும் குனிந்து அதன் அடியில் தேடுவார்கள். கருவி கிடைத்துவிட்டால், அது தொலைந்திருந்தது என்பதே இல்லாமற்போகும்.

அவர் பாடுவார். முறையாகக் கற்றவரல்லர், இளமையில் கேட்டும், பின்னர் ஒலிநாடாவில் மீண்டும் மீண்டும் சுழற்றியும், முருகன்மேல் உள்ள பழைய சந்தப் பாடல்கள் பலவற்றை மனத்தில் ஏற்றி வைத்திருந்தார். குரல் கனமானது, மேலே ஏறும்போது சற்றே கரகரக்கும். பாட்டின் நடுவில் யாரேனும் தாமதமாக வந்து கூச்சத்தோடு ஓரத்தில் உட்கார்ந்தால், பாடிய அடியை மறந்துவிட்டவர்போல மீண்டும் முதலிலிருந்து எடுப்பார். வந்தவருக்குத் தாம் தாமதமாக வந்தோம் என்ற எண்ணமே அற்றுப்போகும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, மகன் ரஞ்சன் பூனாவுக்குக் குடிபெயர்ந்தபின், வீட்டில் அவரும் மனைவி தங்கமும் மட்டுமே. அவருடைய வாரம் முழுவதும் சனிக்கிழமை மாலையை நோக்கியே நகர்ந்தது. அன்று மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, குகட்பள்ளிக்குச் செல்வார். அங்கே ஓர் அடுக்கக வீட்டில், நண்பர் ஜகதீசன் இல்லத்தில், பாட்டுக் கூட்டம் நடக்கும்.

ஜகதீசன் திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு நிறுவனமொன்றில் வேலை கிடைத்து இளவயதில் ஹைதராபாத் வந்தவர்; ஆண்டுகள் பல கழிந்தும் நாக்கிலிருந்து ஊர் இறங்கவில்லை. மகன் மாதவ் அலுவல் காரணமாகப் பெங்களூருக்கும் வீட்டுக்குமாக அலைபவன். மருமகள் சுஷ்மாவும் நான்கு வயதுப் பேத்தி தேஜஸ்வினியும் எப்போதும் உடனிருந்தனர். கூட்டத்துக்கு வருவோர் ஆறேழு பேர். ஜகதீசன் ஜால்ரா தட்டுவார். ஜம்புநாதன் பாட, மற்றவர்கள் பின்பாடுவார்கள்.

முதலில் கூடத்தில்தான் பாடினார்கள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து, சத்தம் அதிகமாக இருக்கிறது என்று குறிப்பு வந்தது. ஜகதீசனுக்கு மூக்கு சிவந்தது. அடுத்த வாரமே பாட்டை உள்ளறைக்கு மாற்றினார். ஜன்னல்களை இறுகச் சாத்தி, ஏ.சி.யைப் போட்டு, கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தார்.

"இனிமே அந்தச் செயலாளரு சொவத்துல காதை ஒட்டவச்சாலும் ஒரு சத்தம் போகாது வே!" என்றார்.

"காத்துகூடப் போகாது போலிருக்கு" என்றார் ஜம்புநாதன்.

"அது எதுக்குவே போகணும்? உம்ம பாட்டு நம்மளோடயே கெடக்கட்டும்."

அந்த அறையில் ஜம்புநாதனின் மடி தேஜஸ்வினிக்கு உரியது. வேறு யார் மடியிலும் அவள் அமரமாட்டாள். அவர் தாடைக்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு, அவர் மார்பில் பாட்டு எழும்பும் அதிர்வை முதுகால் கேட்டுக்கொண்டிருப்பாள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பேசும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டு ஒரு சொல்லும் பொருள் தெரியாமலே வாயில் ஏறியது.

மழை முடிந்த பருவத்தில் ஜம்புநாதனுக்கு இருமல் தொடங்கியது. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்; போவன்பள்ளிச் சந்தையில் காய் வாங்கப் போகும்போது படியும் தூசி என்றார் தங்கம். அவர் மிகுதியாகப் பாடும் சந்தப் பாடல் ஒன்றில், மூன்றாம் அடியின் நடுவே தாளம் திரும்பும் இடத்தில் மூச்சு அறுந்து இருமல் வரும். கைமுட்டியை வாயில் வைத்து இருமிவிட்டு, விட்ட இடத்தில் பிடிப்பார்.

"நீரு பாடுதீரா, ஒம்ம தாத்தா மாதிரி எஞ்சினுக்குக் கரி போடுதீரா?" என்று ஜகதீசன் கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். ஜம்புநாதனும் சிரிப்பார்.

உடல் இளைத்தது. மாலைதோறும் இலேசாகக் காய்ந்தது. தங்கத்தின் வற்புறுத்தலால் அருகிலிருந்த அரசுச் சிறு மருத்துவமனையான பஸ்தி தவாக்கானாவுக்குப் போனார். மருத்துவர் சளியைச் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்தது: காசநோய். ஆறு மாதம் விடாமல் மருந்து உட்கொண்டால் முற்றிலும் குணமாகும் என்று மருத்துவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். வீடு திரும்பி வாசலைத் தாண்டியதும் தங்கம் சொன்ன முதற்சொல் இதுதான்: "யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. ரஞ்சனைப் பார்க்கப் பூனா போவதாகவும், திரும்ப இரண்டு மூன்று மாதமாகும் என்றும் ஜகதீசனுக்குத் தொலைபேசியில் ஒரு பொய் சொன்னார்.

தங்கம் தமக்குத் தெரிந்த வகையில் வீட்டைக் காத்தார். கணவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிச் சொம்பு. அவற்றைக் கழுவத் தனி நார். அவர் பாத்திரங்கள் சமையலறையின் கடைசி அலமாரியில் மற்றவற்றைத் தொடாமல் வீற்றிருந்தன. குளிர்காற்று பட்டால் இருமல் கூடும் என்று படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டார். அந்த அறையில்தான் இரவெல்லாம் அவரும் கணவரருகே படுத்துறங்கினார்.

காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் ஆண்டனி ஒரு நாள் காலை வந்தார். அவரும் மெட்டுகுடாவில் பிறந்த தமிழரே. நாற்பதை எட்டும் வயது. ஸ்கூட்டரைச் சந்து முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். யார் வீட்டு வாசலில் அது நின்றாலும் அக்கம்பக்கம் கேள்வி கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"காபி போடட்டுமா தம்பி?"

"நக்கோ மா. இப்பத்தான் குடிச்சேன். மொதல்ல வீட்டைக் காட்டுங்க."

தங்கம் தம் ஏற்பாடுகளைச் சற்றே பெருமிதத்தோடு காட்டினார். ஆண்டனி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு படுக்கையறைக்குச் சென்று திரையை விலக்கி, இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்தார்.

"தட்டு என்னம்மா பாவம் பண்ணுச்சு? இது எச்சில்ல வர்றதில்ல, மூச்சுல வர்றது. சாரோட தட்டுல நீங்க சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது. இந்த ரூமை மூடிவச்சுப் படுக்கறதுதான் தப்பு."

தங்கத்துக்கு முகம் வாடியது. ஆண்டனி அதைப் பார்த்துவிட்டு, "எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா பண்றாங்க. எங்க வீட்ல வந்திருந்தா எங்கம்மாவும் இதையேதான் பண்ணியிருப்பாங்க" என்றார்.

பிறகு உட்கார்ந்து கேட்டார். அவர் வேலையின் மையமே அந்தக் கேள்விதான். "இப்ப சார் சொல்லணும். போன ரெண்டு மூணு மாசத்துல, மூடின ரூம்ல உங்ககூட ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தவங்க யாரு யாரு? சொந்தம், ப்ரெண்ட்ஸ், கோயில், எதுவானாலும். அவங்களையும் டெஸ்ட் பண்ணணும். நோய் இருந்தா சீக்கிரமே பிடிச்சிடலாம். இல்லைன்னாலும் வராம தடுக்க மருந்து இருக்கு."

ஜம்புநாதன் கைகளைக் கோத்துக்கொண்டார். "யாருமில்ல தம்பி. ரிட்டையர்டு ஆளு. வீடு, விட்டா போவன்பள்ளி மார்க்கெட்டு. அது தொறந்த எடம்."

தங்கம் அவரை ஏறிட்டார்.

"ஞாபகம் வந்தா ஒரு போன் போடுங்க. உங்க பேரை எங்கயும் சொல்ல மாட்டேன்" என்று ஆண்டனி எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சின்னப் பிள்ளைங்க யாராச்சும் பழகியிருந்தா மட்டும் லேட் பண்ணாதீங்க சார். அஞ்சு வயசுக்குள்ள இருக்கிறதுங்களுக்கு இது வேகமா போகும். வெளியில ஒண்ணுமே தெரியாது" என்றார்.

ஆண்டனி போனபின் தங்கம் மெல்லக் கேட்டார்: "குகட்பள்ளி?"

"அதான் இப்பப் போறதில்லையே."

"முன்னால போனது?"

"விடு தங்கம். சொன்னா அந்த வீட்ல என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. அந்தக் கொழந்தைய மறுபடி என் பக்கத்துல விடுவாங்களா?"

தங்கம் மேலே பேசவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றவர் தாமல்லவா? அவருக்கும் மார்புப் படம் எடுத்தார்கள், குறையொன்றும் இல்லை. தடுப்பு மருந்து தொடங்கினார்கள். ஜம்புநாதனுக்கு மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, இருமல் தணிந்தது. வாரங்கள் சில சென்றன. பிறர் முகத்தைக் கேளாமலே படிக்கும் அந்தக் கண், ஒரு குழந்தையின் முகத்தை மட்டும் நினைக்காதபடி தன்னைத்தானே திருப்பிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் காணொளி வந்தது.

சுஷ்மா அனுப்பியிருந்தாள். "அங்கிள், உங்க சிஷ்யை கச்சேரி பண்றா, பாருங்க" என்ற குரலோடு அது தொடங்கியது. தேஜஸ்வினி பாயில் சப்பணமிட்டு அமர்ந்திருந்தாள். அவருடைய பாட்டையே பாடினாள். சொற்கள் பாதி உடைந்திருந்தன. சந்தம் சிறிதும் உடையவில்லை. மூன்றாம் அடியின் நடுவே, தாளம் திரும்பும் இடத்தில் நிறுத்தினாள். குட்டிக் கைமுட்டியை வாயில் வைத்து இருமுறை இருமினாள். விட்ட இடத்தில் அப்படியே பிடித்தாள்.

பின்னாலிருந்து ஜகதீசனின் சிரிப்பு வெடித்தது: "ஏ, இருமலையும் சேத்துல்லா பாடம் பண்ணி வச்சிருக்கு! அதும் பாட்டுதான்னு நெனச்சுக்கிட்டு போல!"

ஜம்புநாதனும் சிரித்தார். பாட்டு முடிந்தது. குழந்தை கும்பிட்டாள். பிறகு, பாட்டும் இல்லை தாளமும் இல்லை என்ற பொழுதில், மீண்டும் இருமினாள். சுஷ்மாவின் குரல் கேட்டது: "நாலஞ்சு நாளா கொஞ்சம் சளி அங்கிள். சரியா சாப்பிடறதில்ல. வைரல்னு சொல்றாங்க."

சிரிப்பு அவர் முகத்திலேயே உறைந்தது. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். நடுவில் வந்த இருமல் தம்முடையது, தாம் கற்பித்தது. கடைசியில் வந்தது யாருடையது?

தங்கம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னங்க மொகம் இப்படிப் போச்சு?" என்று கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"நடுவுல வர்றது உங்களப் பாத்துச் செய்யறது" என்றார்.

"ஹவ், ஆமா. கடைசில வர்றது?"

தங்கம் கைபேசியை அவர் கையில் வைத்து, அந்தக் கையின் மேல் தம் கையையும் வைத்தார். "சொல்லாதீங்கன்னு நாந்தானே சொன்னேன். இப்ப நானே சொல்றேன், சொல்லிடுங்க. வர்றது வரட்டும்."

ஜம்புநாதன் ஆண்டனியை அழைத்தார். ஆண்டனி கடிந்துகொள்ளவில்லை. "நல்லதாப் போச்சு சார். அட்ரஸ் மட்டும் குடுங்க. அந்த ஏரியா ஸ்டாப் போய் எல்லாரையும் செக் பண்ணுவாங்க. உங்க பேரு வராது. எதுக்கு பயம்?"

எளிய வழி, எவரும் ஏற்கும் வழி. ஜம்புநாதன் சரியென்று சொல்ல வாயெடுத்தார். அந்த நொடியில் அவர் கண் குகட்பள்ளி வீட்டுக்குள் சென்றது. முன்பின் அறியாத ஒருவர் கதவைத் தட்டி, உங்களோடு பழகிய ஒருவருக்கு இந்த நோய் என்கிறார். பெயர் சொல்ல மறுக்கிறார். அந்த வீட்டார் யாரை நினைப்பார்கள்? பூனாவில் மகனோடு இருக்கும் ஜம்புநாதனை நினைக்கமாட்டார்கள். பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை நினைப்பார்கள். அவள் மெலிந்தவள், ஓயாமல் தும்முகிறவள். அடுத்த நாளே அவளுக்கு அங்கே வேலை இராது. மற்ற வீடுகளிலும் இராது.

"நக்கோ ஆண்டனி. பேரு வரணும். நானே போய்ச் சொல்றேன். அப்புறம் நீங்க வாங்க."

"அப்ப மாஸ்க் போட்டுக்குங்க. மருந்து ஆரம்பிச்சு சில வாரமாச்சு, உங்ககிட்டருந்து பரவ வாய்ப்பு கம்மிதான். இருந்தாலும் தொறந்த எடமா நின்னு பேசுங்க சார்."

சனிக்கிழமை மாலை முகக்கவசம் அணிந்து மெட்ரோ ஏறினார். தங்கமும் உடன் சென்றார். அடுக்ககத்தின் வாயிலில் நின்று ஜகதீசனை அழைத்தார்.

"ஏ, எப்பம்வே பூனாவுலேருந்து வந்தீரு? மேல வாரும், எல்லாரும் வந்தாச்சு. ஏ.சி. போட்டு ரூமு ஜில்லுன்னு கெடக்கு."

"ரூமுக்கு வரல. எல்லாரையும் கூட்டிட்டு மொட்டை மாடிக்கு வாங்க. சுஷ்மாவும் வரட்டும்."

"மொட்டை மாடியிலயா? என்னவே, சங்கத்துக்காரன்கிட்ட சண்டைக்கு நிக்கப் போறீரா?"

ஜம்புநாதன் தங்கத்தோடு மாடிக்கு ஏறினார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளின் நடுவே யாரோ உலர்த்திய சேலைகள் அசைந்துகொண்டிருந்தன. தொலைவில் மேம்பாலத்தின்மீது மெட்ரோ ரயில் வெயில் பட்டு மின்னிச் சென்றது. ஜகதீசனும் நண்பர்களும் படியேறி வந்தார்கள். பின்னால் சுஷ்மா, அவள் கையிலிருந்து விடுபட்டு தேஜஸ்வினி ஓடிவந்தாள்.

"தாத்தா! எந்துகு ராலேது?" ஏன் வரவில்லை என்று தெலுங்கில் அவள் கோபித்துக்கொண்டாள்.

ஜம்புநாதன் உள்ளங்கையை நீட்டினார். "அங்கயே நில்லு கண்ணு." குழந்தை விளையாட்டென்று நினைத்து, ஒற்றைக் காலைத் தூக்கியபடி சிலைபோல் நின்றாள். இன்னும் தொட வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிய அந்தத் தொலைவில் அவள் நிற்பது அவரால் தாங்க இயலாததாக இருந்தது. ஆகவே சுருக்கமாகச் சொன்னார்.

"எனக்கு டி.பி. வந்திருக்கு. நான் பூனா போகவே இல்ல. வீட்லதான் இருந்தேன், மருந்து சாப்பிட்டுட்டு. அந்த ரூம்ல எங்கூட ஒக்காந்து பாடுன எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும். மொதல்ல கொழந்தைக்கு."

சேலைகள் படபடத்தன.

சுஷ்மா கேட்டாள்: "எப்போ தெரியும் அங்கிள்?"

"சில வாரமாச்சும்மா."

"வாரமா?" அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. "தேஜு எங்க உட்காருவான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஹவ் மா. தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல."

அவர் காரணம் எதையும் கூறவில்லை. காரணங்கள் இருந்தன, அவற்றில் எதுவும் அந்தத் தாயின் முன் எடுத்துவைக்கத் தக்கதாக அவருக்குத் தோன்றவில்லை. சுஷ்மா மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். தோளுக்கு மேலாகக் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டு போனாள். காலை இன்னும் மடக்கியே வைத்திருந்தாள்.

நண்பர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவர் போகுமுன் தங்கத்திடம், "ஒடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்கம்மா" என்றார். ஜகதீசன் மட்டும் நின்றார். அவர் முகம் கறுத்திருந்தது.

"எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையாவே உமக்கு?"

"சொன்னா எனக்குன்னு தனியா ஒரு தட்டு எடுத்து வைப்பீங்கன்னு நெனச்சேன்."

"தட்டு! உமக்குத் தட்டா வைப்பேன்? எலதான் போடுவேன், சாப்பிட்டதும் தூக்கி எறியுததுக்கு!" என்று சீறினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போம்வே. போயி மருந்தை ஒழுங்காத் தின்னும். இப்பம் எங்கிட்டப் பேசாதீரும்."

திரும்பும் ரயிலில் தங்கம் கணவரின் கைப்பையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். மெட்டுகுடா வரும்வரை அதை இறக்கிவைக்கவில்லை.

அடுத்த வாரத் தொடக்கத்தில் ஆண்டனி, அந்தப் பகுதிப் பணியாளரோடு ஜகதீசன் வீட்டுக்குச் சென்றார். பாத்திரம் தேய்க்கும் பெண்ணையும் விடாமல் எல்லாருக்கும் சோதனை ஏற்பாடாயிற்று. ஜகதீசன் மட்டும் முரண்டு பிடித்தார். "எனக்கு எதுக்குய்யா டெஸ்டு? நான் தாமிரபரணித் தண்ணி குடிச்ச ஒடம்பு."

"மாமா, அந்தத் தண்ணி குடிச்சு நாப்பது வருஷமாச்சு. பேசாம வாங்க" என்று சுஷ்மா அவரை முன்னால் நடத்திச் சென்றாள். இதையெல்லாம் ஆண்டனி வழியேதான் ஜம்புநாதன் அறிந்தார். குகட்பள்ளியிலிருந்து அழைப்பு வரவில்லை. அவர் மருந்தை உட்கொண்டார்; முருகனைக் கும்பிட்டார்; பாட வாயெடுத்தால் பாட்டு வரவில்லை.

பிறகு ஒரு காலையில் சுஷ்மா அழைத்தாள்.

"அங்கிள், எக்ஸ்ரேல தேஜுவுக்கு ஒண்ணும் இல்ல. அந்த இருமல் வெறும் சளிதான். போயிடுச்சு, நல்லா சாப்பிடறா. பெரியவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல."

அவர் கைகாட்டித் தங்கத்தை அருகில் அழைத்தார்.

"ஆனா டெஸ்டுக்குன்னு கையில ஊசி போட்டாங்கல்ல, அந்த எடம் நல்லா தடிச்சுப் போச்சு. கிருமி உள்ள போயிருக்காம். இப்போ தூங்குதாம். முழிச்சு நோயா ஆகாம இருக்க மருந்து குடுத்திருக்காங்க. நாங்க பாட்டுக்கு வைரல்னு சும்மா இருந்திருந்தா…" அவள் முடிக்கவில்லை. சற்றுக் கழித்துச் சொன்னாள்: "எனக்கு இன்னும் கோவம் இருக்கு அங்கிள்."

"இருக்கட்டும்மா. இருக்கணும்."

"கோவம் ஒரு பக்கம். இவ மருந்தைத் துப்பறா. வெல்லத்துல வச்சுக் குடுத்தாச்சு, தேன்ல குழைச்சாச்சு, அடிக்கவும் அடிச்சாச்சு. தாத்தா சாப்பிட்டா சாப்பிடறேன்னு உட்கார்ந்திருக்கா. தினம் காலைல கொஞ்சம் வீடியோல வரீங்களா?"

அன்று முதல், மெட்டுகுடாவிலும் குகட்பள்ளியிலும் ஒரே வேளையில் மருந்து உண்ணப்படுகிறது. ஜம்புநாதன் தம் மாத்திரைகளை உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார். தனக்கு வாய்த்ததைவிட அவருக்கு நிறைய இருக்கிறதே என்று தேஜஸ்வினிக்குப் பொறாமை. அவர் விழுங்கியதும், "நோரு தெருவு" என்று வாயைத் திறக்கச் சொல்லி, திரைக்குள் எட்டி எட்டிப் பார்ப்பாள். பிறகு தன் வாயில் மருந்தைப் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்து, விழுங்கி, நாக்கை முழு நீளத்துக்கும் நீட்டிக் காட்டுவாள். ஒரு நாள் அந்தச் சடங்கின் குறுக்கே ஜகதீசனின் தலை நுழைந்தது.

"என்னவே, மருந்து திங்கதுக்குக்கூட ஜோடி கேக்குதா ஒமக்கு?"

எங்கிட்டப் பேசாதீரும் என்றவர் பேசிவிட்டார் என்பதை ஜம்புநாதன் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதை முகத்தில் காட்டவில்லை. "பொறாமையா இருந்தா நீங்களும் வந்து ஒக்காருங்க" என்றார்.

"ஒக்காந்தா போச்சு. டாக்டரு எப்பம் ஒம்ம மாஸ்கைக் கழத்தலாம்னு சொல்லுதாரோ அப்பம் வாரும். ரூமைப் பூட்டியாச்சு. இனிமே மொட்டை மாடிதான். சங்கத்துக்காரன் வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

பிழை செய்யாத மனிதர் என்று ஜம்புநாதனைப் போற்ற இயலாது. சிலகாலம் அவர் கண் காணவேண்டியதைக் காணாமல் திரும்பி நின்றது. அதை அவரே மறுக்கமாட்டார். ஆயினும் திரும்பியபோது அது பாதி வழியில் நிற்கவில்லை. மடியில் வளர்ந்த குழந்தையைக் கண்டது. பழி சுமக்கவிருந்த ஏழைப் பெண்ணையும் கண்டது. தன் மானத்தைக் காணமட்டும் மறந்தது.

குன்றுதோறும் நின்றருளும் செவ்வேள் அந்த இல்லத்துக்குத் துணை நிற்பானாக. ஜம்புநாதன் மார்பில் மூச்சு தடையின்றி ஓடுக. தங்கத்தின் நெஞ்சில் அச்சம் நீங்கி அமைதி குடிகொள்க. தொலைவில் வாழும் மகன் நல்ல செய்தியோடு வருக. உறவாலும் நட்பாலும் அவ்வீட்டை நாடி வரும் பிள்ளைகள் யாவரும் நோயறியாது வளர்க. அக்குடி நீடு வாழ்க.